உழுபவர் பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது? காவிரி டெல்டாவின் குத்தகைச் சட்டங்களும் கூலிச் சட்டங்களும்

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து டெல்டா மாவட்டங்களின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் குவியும்போது, விற்க வந்தவரிடம் கேட்கப்படுவது சிட்டாவும் (நிலம் யாருடையது என்ற கணக்கு) அடங்கலும் (அதில் என்ன பயிர் என்ற கணக்கு). நாற்றங்கால் போட்டதிலிருந்து களத்தில் தூற்றியது வரை எல்லா வேலையையும் தானும் தன் குடும்பமுமாகச் செய்தவர் குத்தகைக்காரராக இருந்தால், அந்த இரண்டு தாள்களிலும் பெரும்பாலும் அவர் பெயர் இருப்பதில்லை. சிட்டா நில உடைமையாளரின் பெயரில் இருக்கும். அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரலாம் என்றாலும், உடைமையாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதத் தயங்குவார். உடைமையாளர் ஊரில் இருந்து மனமும் வைத்தால் நெல் அரசு விலைக்குப் போகும். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்தால், அல்லது தன் பெயருக்கு எதிரே இன்னொருவர் பெயர் எழுதப்படுவதை விரும்பாவிட்டால், களத்துமேட்டுக்கே வரும் வியாபாரி சொல்கிற விலைக்கு அது போகும்.

இதைப் பார்க்கும் ஒருவருக்குக் குத்தகை விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் சட்டப் பாதுகாப்பே கிடையாது என்று தோன்றக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. இந்தியாவில் நிலக்குத்தகையை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இவ்வளவு அடுக்காக உள்ள மாநிலங்கள் சிலவே. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1961-இல் கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கான தனிச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், அதே ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் என்று இருபது ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை சட்டங்கள் இருந்தும் உழுபவர் ஏன் வெறுங்கையோடு நிற்கிறார் என்பதற்கு, அமலாக்கம் சரியில்லை என்ற வழக்கமான பதில் போதாது. இச்சட்டங்களில் பெரும்பாலானவை பாதுகாப்பை ஓர் உறவின் பெயரோடு கட்டிவைத்தன. பெயர் மாறினால் பாதுகாப்பு கழன்றுவிடும். பெயரை மாற்றும் வசதியோ எப்போதும் நிலம் வைத்திருப்பவரிடமே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்குப் போக வேண்டும். இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய அந்த நெல் பூமியில் மேலே மிராசுதார்களும் மடங்களும் கோயில்களும் இருந்தார்கள். நிலம் வேலிக்கணக்கில் அவர்களிடம் இருந்தது. ஒரு வேலி என்பது இருபது மா, அதாவது சுமார் 6.67 ஏக்கர். நிலத்தைத் தாமே பார்த்துக்கொள்ளாத மிராசுதார் அதை வாரத்துக்கோ குத்தகைக்கோ விடுவார். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல். தாமே பார்த்துக்கொள்பவர் பண்ணையாட்களை வைத்துக்கொள்வார். பண்ணையாள் குடும்பத்தோடு பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். வாங்கிய கடன் தலைமுறைகளுக்குத் தொடரும். குடிசை இருக்கும் மனையும் மிராசுதாருடையதே. குத்தகைக்காரர்களில் பல சாதியினரும் இருந்தார்கள், பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. கூலியைக் குறைப்பது, சவுக்கால் அடிப்பது, சாணிப்பால் ஊற்றிக் குடிக்கவைப்பது என்பவை தனித்தனிக் கொடுமைகள் அல்ல. அந்த உற்பத்தி முறை நடப்பதற்கான நிர்வாகக் கருவிகளாகவே அவை இருந்தன.

1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டியபோது, குத்தகைக்காரரையும் பண்ணையாளையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தியது சாதாரண காரியமன்று, ஏனென்றால் அறுப்புக்காலத்தில் குத்தகைக்காரரே பண்ணையாளுக்கோ கூலிக்கோ படி அளப்பவராகவும் இருப்பார். சவுக்கடியும் சாணிப்பாலும் அந்தப் போராட்டங்களால்தான் நின்றன. 1948-இல் பண்ணையாள் கூலி பற்றிய மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) ஒப்பந்தம் வந்தது. 1952-இல், ராஜாஜி முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள், முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முழுச் சட்டமாகவும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைக்காரருக்கு, தக்க காரணமின்றி பண்ணையாளை நீக்கக் கூடாது, கூலி இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் அது சொன்னது.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் ஒரு விளைவும் இருந்தன. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கே அது பொருந்தும் என்பது ஓட்டை; அண்ணன் பெயரில் கொஞ்சம், மைத்துனர் பெயரில் கொஞ்சம் என்று பிரித்துக் காட்டிவிட்டால் சட்டம் அந்த வயலுக்குள் நுழையாது. விளைவுதான் இதைவிட முக்கியமானது. பண்ணையாள் என்றால் நீக்க முடியாது என்று ஆனபிறகு, பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பல நிலக்காரர்களுக்கு வசதியாகப்பட்டது. அதே ஆள், அதே வயல், அதே நடவும் அறுப்பும். ஆனால் இனி அவர் தினக்கூலி. பண்ணையாள் முறை ஒழிந்ததில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை, அது அடிமைத்தனத்தின் அடுத்த வாசலில் இருந்த முறை. அது ஒழிந்த விதம் மட்டும் சட்டம் நினைத்த விதமாக இல்லை. ஆண்டு முழுவதும் சோறு போடும் கடமையிலிருந்து நிலக்காரர் விடுபட்டார். பாதுகாப்பைப் பெறவிருந்தவரோ அதைப் பெறுவதற்கான பெயரை இழந்தார்.

தினக்கூலியான அந்த மக்களின் அடுத்த கோரிக்கை கூலி நெல்லைப் பற்றியது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலக்காரர்கள் ஒருபுறமும் செங்கொடிச் சங்கம் மறுபுறமுமாக நடந்த மோதல், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதில் முடிந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட முதன்மைக் குற்றவாளி உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார் என்பதும் வரலாற்றின் பகுதியே. அதன் பிறகு அமைக்கப்பட்ட கணபதியாப் பிள்ளை ஆணையத்தின் வழியாகவே 1969-ஆம் ஆண்டின் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரசு நிர்ணயித்த கூலியைத் தஞ்சைப் பகுதியில் சட்டபூர்வமாகக் கேட்கும் உரிமை இதனால் கிடைத்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948 முதலே விவசாய வேலையையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் வயல்வேலைக்கு வருகைப் பதிவேடும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. ஒரு நாள் நடவுக்கு இருபது பெண்கள் ஒரு வயலில் இறங்கினால் மறுநாள் அவர்கள் வேறு வயலில் இருப்பார்கள். குறைந்த கூலி கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதை எழுத்தில் நிறுவ வழியே இல்லாத இடத்தில், கூலி உயர்ந்தது பெரும்பாலும் சங்கம் இருந்த ஊர்களில் சங்கத்தின் பேரத்தால்தான். பிற்காலத்தில் நூறு நாள் வேலைத் திட்டம் வேறொரு வேலைக்குப் போகும் வாய்ப்பைக் காட்டியதும் கூலி பேசுபவரின் கையைக் கொஞ்சம் வலுவாக்கியது. இதற்கு நடுவில் அறுவடை இயந்திரங்கள் வந்து அறுப்புக் கூலியைப் பெருமளவு விழுங்கிவிட்டன. கூலி விகிதம் ஏறினாலும் வேலை நாட்கள் குறைந்தால் வீட்டுக்கு வரும் பணம் ஏறுவதில்லை.

குத்தகைக்காரரின் கதைக்குத் திரும்பினால் அங்கும் இதே சுழற்சிதான், சற்று நாகரிகமான வடிவில். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் யாரைப் பாதுகாக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. பிறருக்குச் சொந்தமான நிலத்தில், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ உள்ள குத்தகை உடன்பாட்டின்கீழ், தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உடலுழைப்பையோ செலுத்திச் சாகுபடி செய்பவரே அந்தச் சட்டத்தின் குத்தகைதாரர். அவர் இறந்தால் உடலுழைப்பைத் தொடரும் வாரிசுக்கும் அந்த உரிமை செல்லும். குத்தகை பாக்கி வைத்தால், நிலத்தைப் பாழாக்கினால், விவசாயமல்லாத வேலைக்குப் பயன்படுத்தினால், உடைமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தால் என்பது போன்ற காரணங்கள் இருந்தால் மட்டும், அதுவும் வருவாய் அலுவலரிடம் மனுச் செய்து உத்தரவு பெற்றால் மட்டும், அவரை வெளியேற்றலாம். உடைமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் அதைச் செலுத்திவிடவும் சட்டத்தில் வழி உண்டு.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயக் குத்தகையை நன்செய்க்கு வழக்கமான மொத்த விளைச்சலில் 40 விழுக்காடு என்று வரம்பிட்டது. பிற்பாடு திருத்தப்பட்டு அது 25 விழுக்காடாகக் குறைந்தது. ஓர் ஏக்கரில் 32 மூட்டை நெல் விளையும் என்று வைத்துக்கொண்டால், சட்டப்படி நிலத்துக்காரருக்குச் சேர வேண்டியது 8 மூட்டை. டெல்டாவில் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சில் முடிவாகும் குத்தகை இந்தக் கணக்கின்படி நடக்கிறதா என்று எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். பல இடங்களில் குத்தகை முன்பணமாகவே கைமாறுகிறது. முன்பணம் என்றால், வடிகால் தூர்ந்து பயிர் மூழ்கினாலும் மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனாலும் இழப்பு முழுவதும் உழுபவருடையது.

சட்டமும் நடப்பும் இவ்வளவு விலகிப் போனதற்குக் காரணம், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையே. குத்தகைதாரர் என்று ஒருவரை ஒப்புக்கொண்டால் அவரையும் அவர் வாரிசையும் எழுப்புவது கடினம் என்று தெரிந்த உடைமையாளர், ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கான வழிகளைத் தேடினார். ரசீது தருவதில்லை. ஒரு போகத்துக்கு மட்டும் பேசுவது. அடுத்த போகத்துக்கு ஆளை மாற்றுவது அல்லது வயலை மாற்றுவது. குத்தகைக்குப் பதில் ஒத்தி (பணத்துக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்க விடும் அடமானம்) என்று எழுதுவது. ‘நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள்’ என்று சொல்லிவிடுவது. இவர்களை எல்லாம் பேராசைக்காரர்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒன்றிரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு நகரத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஆசிரியரும், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட விதவையும் இன்று குத்தகைக்கு விடுபவர்களில் அடக்கம். மிராசுதாரை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இப்போது அவர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அந்த அச்சத்தின் செலவு முழுவதையும் உழுபவர் தலையில் ஏற்றுவதுதான் நியாயமில்லை.

பதிவேடு இல்லாததே குறை என்று உணர்ந்துதான் 1969-இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தாசில்தார் நிலையிலான அலுவலர் குத்தகைதாரர் பெயரைப் பதிவார், மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், யார் குத்தகைதாரர் என்ற கேள்வியைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றும் பிறகு சேர்க்கப்பட்டது. ஏட்டளவில் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு கேட்டு மனுப்போடும் நாளிலேயே உடைமையாளருக்கு அறிவிப்புப் போகும். ஆண்டுக்கு ஆண்டு தயவில் கிடைக்கும் வயலுக்கு உரிமை கேட்டு மனுப்போடுபவருக்கு அடுத்த போகத்துக்கு வயல் இருக்காது. சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வயல்காரரும் அதே உடைமையாளரிடம் குத்தகைக்கு இருப்பார். கிராமக் கணக்கை எழுதியவர் 1980 வரை பரம்பரைக் கர்ணம். ஊரின் பெரிய நிலக்காரர்களோடு அவருக்கு இருந்த நெருக்கத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதற்குள் பதிவு ஆகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

கோயில் நிலங்களில் நிலைமை வேறு. அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில்களுக்கு நாலே முக்கால் லட்சம் ஏக்கருக்கும் மேல் நிலம் இருப்பதாக அரசே சொல்கிறது. நிறுவனம் என்பதால் ரசீது போட்டே ஆக வேண்டும், ஆகவே பெயர் பதிவாகியிருக்கும். குத்தகைப் பாக்கி குவிவதும் வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதும் தனிக் கதை. நம் பொருளுக்கு வேண்டியது இன்னொன்று. தாத்தா பெயரில் உள்ள கோயில் குத்தகையைப் பேரன் நகரத்தில் இருந்துகொண்டு உள்குத்தகைக்கு விடுகிறபோது, பதிவில் உள்ளவர் உழுபவராக இருப்பதில்லை. பதிவு இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது. ஒரு காலத்தில் உண்மையாயிருந்த பெயர் இன்று கவசமாக வேறொருவரைக் காக்கிறது.

இந்த வரிசையில் ஒரு சட்டம் மட்டும் வேறு மாதிரி எழுதப்பட்டது. 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், ‘1971 ஜூன் 19 அன்று ஒரு விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ எந்த மனையில் குடியிருந்தாரோ அந்த மனை அவருக்கே’ என்று உரிமையை ஒரு நாளோடும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு நிலையோடும் கட்டியது. குடியிருப்பவர் பண்ணையாளா, கூலியா, குத்தகைக்காரரா என்று பிரிக்க வேண்டியதில்லை. குடிசை நிற்கிறது, அடுப்பு எரிகிறது, அவ்வளவுதான். பெயரை மாற்றினால் குடிசை மறைந்துவிடாது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1953 டிசம்பர் 1 என்று ஒரு நாளைக் குறித்து, அன்று அனுபவத்தில் இருந்து பிறகு இழந்த குத்தகைதாரருக்கு நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னதுதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு வயலில் யார் இருந்தார் என்பதற்குக் குடிசை போன்ற சாட்சி ஏதும் இல்லை, கர்ணத்தின் கணக்கைத் தவிர. கூலி கேட்டால் குடிசையைக் காலி செய்யச் சொல்லும் மிரட்டல் வலுவிழந்தது குடியிருப்புச் சட்டத்தால்தான். தஞ்சைத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் கூலிச் சட்டத்தைவிட இந்த மனைச் சட்டம் கூலி பேரத்துக்கு அதிகம் உதவியது என்பது என் கருத்து; தங்குமிடம் தன்னுடையதாக இருப்பவர்தான் வேலைக்கு வர முடியாது என்று சொல்ல முடியும்.

மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய ஆப்பரேஷன் பர்கா இதே தர்க்கத்தை வயலுக்குக் கொண்டுபோனது. அங்கே பங்குக் குத்தகைக்காரரான பர்காதார் அலுவலகத்துக்கு மனுவோடு வர வேண்டியதில்லை. அதிகாரிகள் மாலைநேரத்தில் உழவர்களின் குடியிருப்புக்கே போய் முகாம் போட்டு, யார் எந்த வயலை உழுகிறார் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு எழுதினார்கள். தன் குடும்பத்தைச் சேராத ஒருவர் நிலத்தில் சாகுபடி செய்தால் அவர் பர்காதார் என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிறுவும் பொறுப்பு உடைமையாளருடையது. ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவானார்கள். கேரளம் வேறு வழியில் போனது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்து, உழுத குத்தகைக்காரருக்கே நிலத்தைக் கொடுத்தது. ஆனால் அந்த நிலத்தில் கூலி வேலை செய்த தலித் தொழிலாளிக்குக் குடிசை மனையைத் தாண்டி அதிகம் கிடைக்கவில்லை. இன்று கேரளத்திலும் சட்டத்துக்குத் தெரியாத குத்தகை நடக்கிறது. ஒழித்துவிட்டோம் என்று சட்டம் சொல்லிவிட்டதால் அந்தக் குத்தகைக்காரரைப் பாதுகாக்கும் பிரிவும் இல்லை.

ஆந்திரம் இன்னொரு பாதையைச் சோதித்தது. 2011-ஆம் ஆண்டின் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், நிலத்தின் மீதான உரிமைக்கும் பயிரின் மீதான உரிமைக்கும் நடுவே கோடு கிழித்தன. சாகுபடியாளருக்கு ஓர் அட்டை. அதைக் கொண்டு பயிர்க்கடன், காப்பீடு, நிவாரணம் கேட்கலாம். ஆனால் நிலத்தில் நிரந்தர உரிமை எதுவும் பிறக்காது. உடைமையாளரின் அச்சத்தைப் போக்கும் யோசனை இது. இருந்தும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 11 மாத உடன்பாட்டுக்கு உடைமையாளரின் கையெழுத்து வேண்டும் என்று ஆனதும், யாருடைய தயவு வேண்டாம் என்று அட்டை கொண்டுவரப்பட்டதோ அவருடைய தயவே மீண்டும் தேவைப்பட்டது.

இன்றைய அரசு உதவிகளின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கையெழுத்தின் விலை தெரியும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் நிலம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல். பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரர் சேரலாம், அதற்கும் சான்று வேண்டும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் குத்தகைக்காரரையும் விவசாயத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்வது இதில் ஒரு நல்ல விதிவிலக்கு. குத்தகை குறைவாக இருக்க வேண்டும் என்று போராடிய காலத்தில் பதிவில்லாமை ஒரு குறை. அரசின் பணம் முழுவதும் பதிவின் வழியாகவே பாயும் காலத்தில் அது இரட்டை இழப்பு. உடைமையாளருக்குக் குத்தகையும் வருகிறது, உழவருக்கென்று ஒதுக்கிய உதவியும் வருகிறது.

பெண்களின் நிலை இதனினும் ஒரு படி கீழே. சட்டத்தின் வரையறையே குடும்பத்தாரின் உடலுழைப்பைக் குத்தகை உரிமைக்கு ஆதாரமாக ஏற்கிறது. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று அந்த உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை ஆணோடு பேசப்படுகிறது. கணவர் இறந்தால் வாரிசு என்ற முறையில் மனைவிக்கு வர வேண்டிய உரிமை, எழுத்தில் இல்லாத குத்தகை என்பதால் அவரோடே போகிறது. அடுத்த போகத்தில் அதே வயலில் அந்த மனைவி நடவுக் கூலியாக இறங்குவார். சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. வயலில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று என்று இன்றும் தனித்தனியாகவே பேசப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு இனி வேண்டியது இன்னொரு குத்தகைச் சட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்டகால உரிமையைக் கேட்பவர் அதைத் தனியாகக் கேட்கட்டும். அந்த உரிமையைக் குலைக்கக் கூடாது. அதற்கு இணையாக, நிலத்தின் மேல் எந்த உரிமையும் கோராத ஒரு சாகுபடிப் பதிவு ஒவ்வொரு போகத்துக்கும் எழுதப்பட வேண்டும். அதற்கு உடைமையாளரின் கையெழுத்து தேவையாக இருக்கக் கூடாது. மறுப்பு இருந்தால் அதை அவர் நிறுவ வேண்டும். கருவி புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை. அடங்கல் என்பதே வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டுதோறும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று நேரில் பார்த்து எழுதும் கணக்கு. அதை இப்போது கைப்பேசிச் செயலி வழியாக, வயலுக்கே போய்ப் படம்பிடித்துச் செய்யும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடக்கிறது. விவசாயிகளுக்கு வழங்கப்படும் தனி அடையாள எண்ணோ பட்டாவோடு இணைக்கப்படுகிறது. ஆக, கணக்கெடுப்பவர் வரப்பில் நின்று பயிரைப் பதிகிறார். அந்தப் பயிருக்குரியவராகத் திரையில் வருவது பட்டாக்காரரின் பெயர். வரப்பில் எதிரே நிற்பவரின் பெயரைக் கேட்டு எழுத ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதியதைக் கொள்முதல் நிலையமும் கூட்டுறவுச் சங்கமும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்க வேண்டும் என்று ஓர் அரசாணை வேண்டும். அதை ஊர்க் கூட்டத்தில் படித்துக்காட்டி, ஆட்சேபம் கேட்டு முடிப்பது கிராம சபைக்குக் கடினமான வேலை அல்ல.